கடன் கொடுத்தவன் துறைமுகத்தில் படையை இறக்க முடியுமா?

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

"அம்பாந்தோட்டையைக் கடனுக்குப் பிடுங்கிக்கிட்டான் சீனாக்காரன்" என்று இலங்கைத் துறைமுகத்தைப் பற்றி டீக்கடையிலிருந்து டிவி வரை ஒரே பேச்சு. அடுத்த மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச வேண்டும். வாட்ஸ்அப் தகவலை வைத்துப் பேசி மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. விவரம் தெரிந்தவர்கள் ஆண்டு, தொகையோடு சொன்னால் நல்லது.

அம்பாந்தோட்டையில் உண்மையில் நடந்தது என்ன? கடன் வாங்கிய நாட்டில், கொடுத்த நாடு ராணுவத் தளம் போடுவது வழக்கம்தானா? அமெரிக்காவே உலகத்தின் பெரிய கடன்காரன், அவனுக்கு எப்படி இத்தனை தளங்கள்? நம்ம பக்கத்துச் சரித்திரத்தில் இதற்கு ஏதாவது ஒட்டு உறவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள்.


கணக்குப்பிள்ளை (புதுச்சேரி)

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

அம்பாந்தோட்டை முதல் கட்டத்துக்கு 2007ல் சீன அரசின் எக்ஸிம் வங்கி கொடுத்த கடன் 30.7 கோடி டாலர். 15 ஆண்டு, அதில் முதல் 4 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். வட்டி 6.3 சதவீதம், மாறாத வட்டி. மிதக்கும் வட்டியும் கிடைத்தது, ஆனால் ஏறிவிடும் என்று பயந்து இலங்கை நிலையான வட்டியை எடுத்தது. 2008 நெருக்கடிக்குப் பிறகு உலக வட்டி விகிதம் தரைக்கு வந்தது, இவர்கள் 6.3ல் மாட்டிக்கொண்டார்கள். 2012ல் இரண்டாம் கட்டத்துக்கு வாங்கிய 75.7 கோடி டாலருக்கு வட்டி 2 சதவீதம்தான். ஆகவே "சீனக் கடன் என்றாலே கந்துவட்டி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

எங்கே சிக்கல் என்பதற்கு ஒரு கணக்கு. 30.7 கோடிக்கு ஆண்டு வட்டி ஏறக்குறைய 1.93 கோடி டாலர். அசலை 11 ஆண்டுக்குப் பிரித்தால் 2.79 கோடி. ஆக அசல் கட்டத் தொடங்கும் முதல் ஆண்டில் 4.7 கோடி டாலர் போல வரும். 2008ல் ஒரு டாலர் 108 இலங்கை ரூபாய் சொச்சம் என்பதால் அது 510 கோடி ரூபாய். 2022 மே மாதம் டாலர் 360ஐத் தொட்டபோது அதே தொகை 1,700 கோடி. டாலரில் ஒரு காசு ஏறவில்லை, ரூபாயில் மூன்று மடங்குக்கும் மேல். துறைமுகமோ 2012ல் மொத்தமே 34 கப்பல்களைத்தான் பார்த்தது. வருமானம் இல்லாத சொத்துக்கு டாலரில் கடன் வாங்கினால் இதுதான் கதி.

இப்போது எல்லாரும் தவறவிடும் இடம். 2017 ஜூலையில் சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை கொடுத்தார்கள், தொகை 112 கோடி டாலர். அந்தப் பணம் எக்ஸிம் வங்கிக் கடனைக் கழிக்கப் போகவில்லை. மத்திய வங்கியின் டாலர் கையிருப்புக்குத்தான் போனது. எக்ஸிம் கடன் அப்படியே திறைசேரி (இலங்கை அரசுக் கருவூலம்) கணக்கில் நின்றது. கடனுக்குப் பதிலாகத் துறைமுகத்தை எழுதிக்கொடுத்திருந்தால் கடன் பத்திரம் கிழிக்கப்பட்டிருக்க வேண்டுமே? கிழிக்கப்படவில்லை. அது டாலர் தட்டுப்பாட்டில் நடந்த விற்பனை. வீட்டை அடமானத்தில் இழப்பது வேறு, மளிகைக் கடைக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வீட்டை நீண்ட குத்தகைக்கு விடுவது வேறு.

தட்டுப்பாடு எதனால் வந்தது? இலங்கை அரசு 2007ல் 50 கோடி டாலரில் விற்கத் தொடங்கிய டாலர் கடன் பத்திரங்கள்தான் பெரிய காரணம். 2024 டிசம்பரில் மறுசீரமைத்தபோது அவை மட்டும் 1,250 கோடி டாலர். இந்தப் பத்திரங்களில் அசல் தவணையாகப் போகாது, முதிர்வு நாளில் மொத்தமாகக் கட்ட வேண்டும். அந்த நாளில் புதுப் பத்திரம் விற்க முடியாவிட்டால் கதை முடிந்தது. 2020க்குப் பிறகு சந்தை கதவைச் சாத்தியது, 2022 ஏப்ரல் 12ல் இலங்கை கடன் கட்டுவதை நிறுத்தியது. அப்போதைய வெளிக்கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்று அளவுதான்.


சிங்காரத்தோப்பு

ஐயா சொல்வது கணக்குப்படி சரி. ஆனா 99 வருஷம்னா மூணு தலைமுறை. எழுதிக்கொடுத்த மாதிரிதானே? 2022 ஆகஸ்ட் 16ல் சீனாவோட யுவான் வாங் 5 ஆய்வுக் கப்பல் அங்க வந்து நின்னப்போ டெல்லி எவ்வளவு பதறிச்சுன்னு பார்த்தோமே.


வடக்கத்திக் காற்று (தேவனாம்பட்டினம்)

பதறியதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கப்பல் எப்படி வந்தது என்று பாருங்கள். குத்தகைதாரர் அழைத்து வரவில்லை. சீனா கொழும்பிடம் அனுமதி கேட்டது, கொழும்பு முதலில் கொடுத்தது, பிறகு தள்ளிப்போடச் சொன்னது, கடைசியில் மறுபடி கொடுத்தது. போர்க்கப்பலோ ஆய்வுக் கப்பலோ வர வேண்டுமானால் அரசின் தூதரக அனுமதி வேண்டும், துறைமுக நிறுவனத்தின் ரசீது போதாது. தென்பகுதிக் கடற்படைத் தலைமையகத்தைக் காலியிலிருந்து அம்பாந்தோட்டைக்கு மாற்றுவதாக 2018ல் இலங்கை அறிவித்ததும் இந்த உரிமையைக் காட்டத்தான்.

தளம் என்றால் என்ன என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேச்சு முழுக்கக் குழம்பும். கப்பல் வந்து எண்ணெய், தண்ணீர் பிடித்துப் போவது ஒன்று. 2016 ஆகஸ்டில் இந்தியாவும் அமெரிக்காவும் போட்ட தளவாட ஒப்பந்தம் அந்த வகை. இந்திய மண்ணில் அமெரிக்கத் தளம் அதனால் வந்துவிடவில்லை. நிரந்தரமாகப் படை தங்குவது இன்னொன்று. அதற்குத் தனியாகப் படை நிலை ஒப்பந்தம் வேண்டும்: தங்கியிருக்கும் சிப்பாய் குற்றம் செய்தால் எந்த நாட்டு நீதிமன்றம், சுங்க வரி உண்டா, ஆயுதக் கிடங்கு எங்கே, வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டு முன்னறிவிப்பில் காலி செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கடன் பத்திரத்தில் இது எதுவும் இருக்காது.

பணம் போகும் திசையையும் கவனியுங்கள். பெரும்பாலும் தளம் வைக்கிறவன்தான் இடம் கொடுப்பவனுக்குக் கட்டுகிறான். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியில் அமெரிக்கா 2014ல் போட்ட 20 ஆண்டு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 6.3 கோடி டாலர். அதே ஊரில் 2017 ஆகஸ்ட் 1ல் திறந்த சீனத் தளத்துக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலர் என்கிறார்கள். பிரான்சும் ஜப்பானும் இத்தாலியும் அங்கேயே வாடகைக்கு இருக்கின்றன. செங்கடலுக்குள் நுழையும் பாபெல் மாண்டெப் நீரிணைக்கு வாசலில் இருக்கும் ஊர் அது, அந்த இடத்தைத்தான் விற்கிறது. ஜிபூத்தியின் வெளிக்கடனில் பாதிக்கும் மேல் சீனாவிடம் என்பது உண்மை. ஆனால் அப்படிக் கடன் பிடி இல்லாத ஜப்பான்காரனுக்கும் 2011ல் அங்கே தளம் கிடைத்ததே! ஜப்பான், தென்கொரியா போன்றவை விதிவிலக்கு. அங்கே இடம் கொடுத்த நாடே அமெரிக்கப் படையின் செலவில் ஒரு பங்கைக் கட்டுகிறது, ஏனென்றால் பயம் அவர்களுடையது. கியூபாவின் குவாண்டனாமோ வேடிக்கை. அமெரிக்கா ஆண்டுதோறும் 4,085 டாலருக்குக் காசோலை அனுப்புகிறது, கியூபா அதை வங்கியில் போடுவதில்லை.

இடம் ஏன் முக்கியம் என்பதற்கு நம்ம கரையே பாடம். கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வர வழியில்லை, வெளியே நங்கூரம் போட்டுவிட்டு மசூலா படகில் சரக்கை இறக்க வேண்டும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் திறந்த கடலில் நிற்கவும் முடியாது. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் ஆங்கிலேயக் கப்பற்படை மழைக்காலத்தில் பம்பாய்க்கு ஓடும், பிரெஞ்சுக்காரன் மொரீஷியசுக்கு ஓடுவான். கரைப் படை மாதக்கணக்கில் அனாதை. இந்தக் கரைக்கு அருகில் வாடையிலும் கப்பல் நிற்கக்கூடிய மூடிய துறை திருகோணமலைதான். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் 1782 ஆகஸ்டு கடைசியில் அதைப் பிடித்ததும், 1783 ஜூன் 20 கடலூர்க் கடற்சண்டைக்கு அங்கிருந்து வந்ததும் இதனால்தான். அவனுக்கு யாரும் கடன்படவில்லை, துறைமுகம் தேவைப்பட்டது.


உப்பனாறு

நன்றி அண்ணா. கடலூர்ச் சண்டையைத் தொடக்கத்திலேயே வைக்கலாம் போலிருக்கிறது. ஒரு சந்தேகம்: கடன் கட்டவில்லையென்றால் சட்டப்படி ஒரு நாட்டின் சொத்தை ஜப்தி செய்யவே முடியாதா?


கணக்குப்பிள்ளை (புதுச்சேரி)

நாட்டுக்கு அமீனா கிடையாது. ஆனால் பாதுகாப்பு முழுமையானதும் இல்லை.

டாலர் பத்திரங்கள் பெரும்பாலும் நியூயார்க் அல்லது இங்கிலாந்துச் சட்டத்தில் எழுதப்படுகின்றன, வழக்குப் போட அரசே முன்கூட்டிச் சம்மதம் தருகிறது. தீர்ப்பு வாங்கலாம், அதை நிறைவேற்றுவதுதான் பாடு. தூதரகக் கட்டடம், போர்க்கப்பல், பொதுவாக மத்திய வங்கியின் கையிருப்பு ஆகியவற்றைத் தொட முடியாது. 2012 அக்டோபரில் கானாவின் தேமா துறைமுகத்தில் அர்ஜென்டினாக் கடற்படையின் லிபர்டாட் பாய்மரக் கப்பலை ஒரு கடன் நிறுவனம் உள்ளூர் நீதிமன்ற உத்தரவோடு நிறுத்திவைத்தது. டிசம்பர் 15ல் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம், போர்க்கப்பலுக்கு விலக்கு உண்டு, விடுங்கள் என்று உத்தரவிட்டது.

இலங்கை மீது 2022 ஜூனில் நியூயார்க்கில் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி போட்ட வழக்கு வேறு மாதிரித் தந்திரம். 100 கோடி டாலர் பத்திரம் ஒன்றில் 25 கோடிக்கு மேல் அது வாங்கி வைத்திருந்தது. அந்தப் பத்திர விதிப்படி மறுசீரமைப்புக்கு 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். கால்வாசி ஒருவர் கையில் இருந்தால் மொத்தப் பத்திரமும் முடங்கும். புதிய பத்திரங்களில் பல தொடர்களைச் சேர்த்து வாக்கெடுக்கும் விதி வைப்பது இதைத் தடுக்கத்தான்.

கடன் ஒப்பந்தம் கையில் கிடைத்தால் நான் பார்க்கும் வரிசை இது: எந்த நாணயம், வட்டி நிலையானதா மிதப்பதா, அசல் தொடங்கும் ஆண்டு, எந்த நாட்டுச் சட்டம், எங்கே வழக்கு. அடுத்து, திட்ட வருமானம் எந்தக் கணக்கில் விழுகிறது என்று. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 2021ல் வெளியான ஓர் ஆய்வு 100 சீனக் கடன் ஒப்பந்தங்களைப் படித்தது. அவற்றில் 30 சதவீதம் அளவில் தனி வங்கிக் கணக்கு ஒன்றில் பணத்தை ஈடாக நிறுத்தும்படி கேட்டிருந்தார்கள். நிலத்தைவிட, துறைமுகத்தைவிட, இந்தக் கணக்குதான் உண்மையான பிடி. நான்கில் மூன்று ஒப்பந்தங்களில் பாரிஸ் குழு (கடன் கொடுத்த நாடுகளின் கூட்டம்) செய்யும் மறுசீரமைப்பிலிருந்து இந்தக் கடனை ஒதுக்கிவைக்கும் விதியும் இருந்தது. ஒரு கடன் தவறினால் மற்ற எல்லாக் கடனும் உடனே கேட்கப்படும் என்ற குறுக்குத் தவறு விதியையும் தேடுங்கள். சின்னத் தவணை ஒன்று தவறி மொத்தக் கோட்டையும் சரிவது அதனால்தான்.


கெடிலக்கரை

கடனும் படையும் என்றால் அம்பாந்தோட்டை வரை போகவே வேண்டாம். நம்ம தென்னாற்காடு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது இந்த வழியில்தான். ஆனால் வரிசை தலைகீழ்: படை முதலில் வந்தது, கடன் பிறகு வந்தது.

தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி 1690ல் மராட்டியரிடம் காசு கொடுத்து வாங்கியது. எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு குண்டு விழுகிற தூரம் வரை. அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பேர்களை அதன் மிச்சம் என்பார்கள். (நில அளவையர் யாராவது படித்தால் மன்னிக்கவும்.) 1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும் 1752 வரை கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தான்.

இந்தச் சண்டைகளில் ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிப் படையை நம்பினார். அந்தப் படைச் செலவு அவர் தலையில். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் ரொக்கமாக வேண்டும், நவாபுக்கு நிலவரியோ அறுவடைக்குப் பின் கிஸ்தி கிஸ்தியாகத்தான் வரும். இந்த இடைவெளியில் கடன் புகுந்தது. கொடுத்தவர்கள் சென்னைக் கம்பெனியின் ஊழியர்களே, தங்கள் சொந்தக் கணக்கில். பால் பென்ஃபீல்ட் அவர்களில் பேர் போனவன். ஈடாக ஜில்லாக்களின் வரி வசூல் உரிமை. வசூலிக்க வந்தவன் அடுத்த போகத்துக்கு விதை நெல்லையும் விடாமல் சுரண்டினால் அடுத்த ஆண்டு வரி குறையும், மறுபடி கடன். 1763லேயே செங்கல்பட்டு ஜாகீர் கம்பெனிக்குப் போயிருந்தது. 1784ல் லண்டன் அரசு விசாரணை இல்லாமலே எல்லாக் கடனையும் ஒப்புக்கொண்டு, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கட்டச் சொன்னது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார், பயன் இல்லை. 1801 ஜூலை 31 உடன்படிக்கையோடு கர்நாடகம் (நவாபின் ஆற்காட்டு நாடு, இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை) முழுவதும் கம்பெனிக்கு. நவாபுக்கு நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

பிறகு அமைத்த ஆணையம் மிச்சக் கடன் கோரிக்கைகளைச் சரிபார்த்தபோது பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை, மீதி போலியும் ஊதிப் பெருத்ததும். நாட்டை எடுத்த பிறகு கணக்குப் பார்த்தார்கள்!

இன்றைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே கடன் கொடுத்தவன், படை வைத்தவன், தீர்ப்புச் சொல்பவன் மூவரும் ஒரே கூட்டம். இன்று அந்த மூன்றும் ஒரே கையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இலங்கையில் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து பேச்சுவார்த்தை மேஜையில் இந்தியா, ஜப்பான், பாரிஸ் குழு, சீன எக்ஸிம், பத்திரக்காரர்கள், ஐ.எம்.எஃப். என்று தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.


வடக்கத்திக் காற்று (தேவனாம்பட்டினம்)

அருமை. கடன் தளத்தைத் திறந்ததைவிட மூடியது அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் 1940 செப்டம்பரில் 50 பழைய நாசகாரிக் கப்பல்களுக்காக பகாமாஸ், ஜமைக்கா, டிரினிடாட் முதலிய இடங்களை அமெரிக்காவுக்கு 99 ஆண்டு கொடுத்தது. (சிங்காரத்தோப்பு கவனிக்க, 99 சீனன் கண்டுபிடித்த எண் இல்லை.) 1946ல் 375 கோடி டாலர் கடன், 2 சதவீத வட்டி, கடைசித் தவணை 2006 டிசம்பர் இறுதியில். வட்டி சொற்பம்தான், நிபந்தனைதான் கொன்றது: ஓராண்டில் பவுண்டை டாலராக மாற்ற அனுமதிக்க வேண்டும். 1947 ஜூலை 15ல் அனுமதித்தார்கள், டாலர் வெள்ளமாக வெளியேறியது, ஆகஸ்ட் 20ல் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே கிரீஸ், துருக்கியைத் தாங்க முடியாது என்று வாஷிங்டனுக்குச் சொல்லிவிட்டார்கள். 1956ல் எகிப்தின் சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் போனபோது அமெரிக்கா பவுண்டைக் கைவிடுவேன் என்று மிரட்டியதும் பிரிட்டன் படை திரும்பியது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40க்கு. இரண்டே மாதத்தில், 1968 ஜனவரி 16ல், சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடாவிலிருந்து 1971க்குள் வெளியேறுவோம் என்ற அறிவிப்பு.

கடன் கொடுத்தவன் கை ஓங்கும் என்பதும் எப்போதும் உண்மை இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன்தான் இந்தியாவுக்குக் கடன்பட்டிருந்தது, 130 கோடி பவுண்டு அளவில். நம்மால் கேட்டவுடன் எடுக்க முடியவில்லை, ஆண்டுக்கு இவ்வளவு என்று அவர்கள் விட்டதைத்தான் எடுத்தோம். 1991 செப்டம்பர் 16ல் பிலிப்பைன்ஸ் கடனில் மூழ்கிய நிலையிலும் செனட்டில் 12க்கு 11 என்று வாக்களித்து, அங்கிருந்த அமெரிக்காவின் சுபிக் தளத்துக்கு ஆண்டுக்கு 20.3 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தை நிராகரித்தது. மாலத்தீவைப் பாருங்கள்: 2024 மே 10க்குள் இந்தியப் படையினர் வெளியேறினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணய மாற்றாகக் கொடுத்தது. படை போனது, பணம் வந்தது.


சிங்காரத்தோப்பு

சரி, 99ஐ விட்டுட்டேன். அமெரிக்கா மட்டும் எப்படித் தப்பிக்குதுன்னு யாரும் சொல்லலையே?


கணக்குப்பிள்ளை (புதுச்சேரி)

தன் கடனைத் தன் நாணயத்திலேயே வாங்குவதால். மேலே போட்ட 510 கோடி, 1,700 கோடி கணக்கு அமெரிக்காவுக்கு நடக்காது. ஆனால் முழுக்கத் தப்பிக்கவும் இல்லை. 2024 நிதியாண்டில் அதன் நிகர வட்டிச் செலவு பாதுகாப்புச் செலவைத் தாண்டியது. உலக நாடுகளின் கையிருப்பில் டாலரின் பங்கு 2000 வாக்கில் 70 சதவீதம், 2024 இறுதியில் 58 அளவு. சீனாவிடம் இருந்த அமெரிக்கக் கடன் பத்திரம் 2013ல் 1.3 லட்சம் கோடி டாலர், இப்போது 80,000 கோடிக்கும் கீழே. 2022ல் ரஷ்யாவின் கையிருப்பில் ஏறக்குறைய 30,000 கோடி டாலரை முடக்கிய பிறகு பல மத்திய வங்கிகள் தங்கத்துக்குத் திரும்பின. நம்ம ரிசர்வ் வங்கி லண்டனில் இருந்த 100 டன்னை நாட்டுக்குக் கொண்டுவந்ததும் இந்தக் காலத்தில்தான்.

கூட்டத்தில் "அப்போ இந்தியா?" என்று கட்டாயம் கேட்பார்கள். 2025 மார்ச் இறுதியில் வெளிக்கடன் 73,630 கோடி டாலர், ஜி.டி.பி.யில் 19.1 சதவீதம். இந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதைப் பாருங்கள். அதில் இரண்டு வரி இருக்கும், இங்கேதான் பலர் தப்பான எண்ணை எடுக்கிறார்கள். வாங்கும்போதே ஓராண்டுக்குள் கட்டுவதாக வாங்கியது 18.3 சதவீதம். நீண்ட காலக் கடனில் அடுத்த ஓராண்டுக்குள் முதிர்வதையும் சேர்த்தால் 41.2 சதவீதம், கையிருப்பில் 45 சதவீதம் அளவு. இரண்டாவதுதான் சரியான அளவுகோல். மொத்தக் கடனில் 31.1 சதவீதம் ரூபாயிலேயே இருப்பது நமக்கு மெத்தை. 1991 ஜூலையில் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்து 40 கோடி டாலர் வாங்கிய நிலையோடு ஒப்பிட இந்த விகிதம் போதும். ரிசர்வ் வங்கி ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் மார்ச் மாதக் கணக்கை வெளியிடும். பேசுவதற்கு முந்தின நாள் புது அட்டவணை வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், எண்கள் மாறியிருக்கும்.